அதே விலாசத்தில் இன்னொருத்தி

சிரித்த முகத்தோடு யாராவது உதவ வந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். மாமியார் அதைப் பிறவிக் குணம் என்பார். கணவன் தொழில் புத்தி என்பான். அவன் சொன்னதுதான் சரி. ஊரில் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில், பணம் கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்க்கும் பிரிவில் வருடக்கணக்காக இருந்தவள் அவள். செத்துப்போனதாகச் சான்றிதழ் வாங்கிய ஆள் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்ததைக் கண்ணால் பார்த்தவள். எந்த மனு வந்தாலும் அவள் மனதில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் யாருக்கு என்ன ஆதாயம்? அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேனர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கா தெரியாது?

அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் ஸ்கேனர் இந்த நாட்டுக்கு வந்தாள். கணவன் ஒன்றரை வருடம் முன்னாலேயே வந்து, காய்கறிகளை உறைய வைத்து அனுப்பும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கதவைத் திறந்தால் முழங்கால் இடிக்கும் ஒரு சமையலறை. அவள் வருவதற்காகவே அந்த வீட்டைப் பிடித்து வைத்திருந்தான். திரைச்சீலைகூட வாங்கிப் போட்டிருந்தான். திரைச்சீலையைப் பற்றி யோசிக்கிற ஆள் இல்லையே இவர் என்று வந்த அன்றே அவளுக்கு லேசாக உறுத்தியது. பயணக் களைப்பில் விட்டுவிட்டாள்.

வந்த முதல் வாரத்திலேயே வசிப்பிடப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். எல்லாம் ஒன்றையொன்று பிடித்துத் தொங்கும் விஷயங்கள். விலாசம் பதிவானால்தான் வசிப்பிட அட்டை. அது வந்தால்தான் மருத்துவ அட்டை. அந்த அட்டை இருந்தால்தான் வட்டாரத்துக் குடும்ப மருத்துவர் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்துக்கடையில் மாத்திரை. அவளுக்கு அந்த மாத்திரைதான் கவலை. கல்லூரிக் காலத்திலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். வேளை தவறாமல் போட்டுக்கொண்டதால் பல வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பா சீக்கிரம் காலியாகிவிடும். அவர்களுக்குக் குழந்தை இல்லாததற்கும் அந்த மாத்திரையைத்தான் மாமியார் காரணமாகச் சொல்வார். டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மாமியாரிடம் டாக்டர் பேச்சு எடுபடாது.

அலுவலகத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. அதனால் மேஜையில் ஒரு போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். எங்கோ ஒரு வீட்டிலிருந்து மொழிபெயர்க்கும் அம்மாள் பேசினார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. அதிகாரி மூச்சு விடாமல் ஏதோ சொல்லி முடித்தார்.

"சரின்னு சொல்றாங்க" என்றார் போனில் இருந்த அம்மாள்.

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

ஸ்கேனருக்கு அங்கேயே பிடிக்கவில்லை. கல்யாணச் சான்றிதழுக்கு இன்னொரு நகல் வேண்டும் என்றார்கள். கணவன் எழுந்து தாழ்வாரத்தின் கோடியில் இருந்த நகல் இயந்திரத்துக்குப் போனான். அவன் போன பிறகு அதிகாரி கணினித் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். போனைப் பார்த்து எதையோ கேட்டார்.

"உங்க கணவரைத் தவிர அந்த வீட்ல இன்னும் ரெண்டு பேர் பதிவாகியிருக்காங்களாம்" என்றார் அம்மாள். "ஒரு பொண்ணு, ஒரு கைக்குழந்தை. அவங்க இன்னும் அங்கேதான் இருக்காங்களான்னு கேக்கறாங்க."

"தப்பாச் சொல்றீங்க. திரும்பக் கேளுங்க."

அம்மாள் திரும்பக் கேட்டார். பதில் மாறவில்லை. பெயரைச் சொல்ல முடியாதாம், அது அடுத்தவர் விவரமாம். சின்ன வீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் இருப்பதால் நான்காவது ஆளைச் சேர்க்குமுன் ஒரு பார்வையாளர் நேரில் வந்து பார்ப்பாராம். அதுவரை இவள் மனு அப்படியே இருக்குமாம்.

நகலோடு கணவன் திரும்பி வந்தான். "என்னம்மா, முடிஞ்சுதா?"

"வீட்டைப் பாக்க ஆள் வருவாங்களாம்" என்று அவன் முகத்தையே பார்த்தபடி சொன்னாள்.

"எதுக்கு?"

"வழக்கமாம்."

அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். வெளியே எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

பொய் சொல்கிறவரை உடனே மடக்கக் கூடாது. இன்னும் நாலு பொய் சொல்ல விட வேண்டும். அது அவள் தொழிலில் கற்றது. பேருந்தில் உட்கார்ந்ததும் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"நம்ம வீட்ல உங்களுக்கு முன்னாடி யாரு இருந்தா?"

"ஒரு வயசானவர்."

"தனியாவா?"

"ஆமா, தனியாத்தான்."

"குழந்தை குட்டி ஒண்ணும் இல்லையா?"

"வயசானவருக்கு ஏது குழந்தை?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலில் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அவள் வீட்டைச் சலித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டிலுக்கடியில் தூசுகூட இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. குப்பையைக் கொட்டக் கீழே போனபோதுதான் வாசலில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் வீட்டில் இருப்பவர்களின் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் போடமாட்டார். அவர்கள் பெட்டியில் கணவன் பெயர் மேலே இருந்தது. அதற்குக் கீழே, அதே அகலத்துக்கு, ஒரு சீட்டைக் கிழித்த பசை. விரலால் தொட்டுப் பார்த்தாள். பசை இன்னும் பிசுபிசுவென்றுதான் இருந்தது.

படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை அவளுக்கு இருந்தது துப்பறியும் வேகம். உட்கார்ந்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது. குழந்தை இல்லாத வீடு. ஒன்றரை வருடம் தனியாக இருந்த ஆம்பளை. ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. இப்படி ஒரு மனு மேஜைக்கு வந்திருந்தால் அடுத்த பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டாள். மாமியாருக்குத் தெரியுமோ? தெரிந்துதான் 'சீக்கிரம் போம்மா, சீக்கிரம் போ' என்று விரட்டினாரோ? அழுகை வரும்போல் இருந்தது. அழவில்லை. எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சோறு தண்ணி இறங்காவிட்டாலும் மாத்திரை மட்டும் நேரத்துக்கு இறங்க வேண்டும்.

அந்த வாரக் கடைசிக்கு முன், ஒரு மத்தியான வேளையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒல்லியாக ஓர் இளம்பெண். இடுப்பில் குழந்தை. குழந்தையின் கால்கள் இரண்டும் பட்டைகளால் கட்டப்பட்டு, தவளைக் கால் மாதிரி அகன்று மடங்கியிருந்தன.

அந்தப் பெண் ஸ்கேனரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "அக்கா... நீங்க வந்துட்டீங்களா? அண்ணன் சொல்லவே இல்லையே" என்றாள்.

"என்கிட்டயும்தான் ஒண்ணும் சொல்லல. உள்ள வா."

டீ போட்டுக் கொடுத்தாள். டீ கொடுத்தால் நாக்கு தளரும் என்பதும் தொழிலில் கற்றதுதான். அந்தப் பெண்ணுக்கு நாக்கைத் தளர்த்தவே தேவைப்படவில்லை. கேட்பதற்கு முன்பே கொட்டினாள். அதே கிடங்கில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவளாம். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் இருக்கிறானாம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கம்பெனி ஹாஸ்டலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தங்கும் அனுமதி கையில் இருக்கிறது, ஆனால் விலாசம் இல்லை. விலாசம் இல்லாவிட்டால் மருத்துவ அட்டை செல்லாது. பிரசவத்துக்கு எங்கே போவது என்று கிடங்கின் பின்வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, அண்ணன்தான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து என்ன ஏது என்று கேட்டாராம். தன் வீட்டு விலாசத்தில் பதிந்துகொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

"இங்கயே தங்கியிருந்தியா?"

"ஐயோ, இல்லக்கா. ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல ரூம் இருக்கு. அங்க வேலை செய்யற ரெண்டு பேரோட இருக்கேன். அது குடியிருக்கற இடம் இல்ல, அதனால விலாசம் தர மாட்டாங்க. ஆஸ்பத்திரித் தபால் மட்டும் இங்க வரும். அண்ணன் கிடங்கு வாசல்ல வெச்சுக் குடுப்பாரு. ஒரு வாரமா ஆளையே காணோம். அதான் வந்தேன்."

"குழந்தை காலுக்கு என்ன?"

"இடுப்பு மூட்டு சரியாப் பொருந்தலையாம். இந்தப் பட்டையைப் போட்டாச் சரியாயிடும்னாங்க. வாராவாரம் காட்டணும். விட்டுட்டா பின்னாடி நொண்டுவானாம்."

ஸ்கேனர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பாசத்தால் இல்லை. கணவன் வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. அவனுக்கு, அவன் அக்காவுக்கு, அக்கா பிள்ளைகளுக்கு, எல்லோருக்கும் காதுக்கு முன்னால் குண்டூசி குத்தியதுபோல் ஒரு சின்னக் குழி இருக்கும். குழந்தையின் தொப்பியை நகர்த்தி வலது காதைப் பார்த்தாள். பிறகு இடது காதை. வழவழவென்று இருந்தது. மனது கொஞ்சம் இறங்கி வந்தது. உடனே, எல்லாப் பிள்ளைக்கும் அது வந்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன என்று தோன்ற, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டது. குழந்தை அவள் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

சாயங்காலம் கணவன் வந்தான். தட்டு வைத்து, சோறு போட்டு, அவன் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை பொறுத்தாள்.

"அந்த வயசானவர் இன்னைக்கு வந்திருந்தார்" என்றாள். "இடுப்புல குழந்தையோட."

அவன் கவளத்தை விழுங்கினான். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? அந்தப் பையன் பள்ளிக்கூடம் போறப்பவா?"

"சொன்னா நீ ஊர்லேர்ந்து கிளம்பியே இருக்க மாட்டே."

"சொல்லாததுனால என்ன நினைச்சேன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் பயந்தேன்." கையைக் கழுவிவிட்டு வந்தான். "அந்தப் பொண்ணு அழுதுட்டு இருந்துச்சு. எல்லாரும் பாத்துட்டுப் போனாங்க. நானும் பாத்துட்டுப் போனேன். அடுத்த லோடு எடுக்க வந்தப்பவும் அங்கேயே உக்காந்திருந்துச்சு. அவ்வளவுதான்மா நடந்துச்சு. இல்லாத ஆளைப் பதிஞ்சது தப்புதான். தெரிஞ்சா என் அனுமதியையே ரத்து பண்ணிடலாம்."

அவள் நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மீதிப் பாதி அவன் கைக்குட்டையையும் பேருந்து ஜன்னலையும் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொன்னவருக்கு இன்னொன்று எவ்வளவு தூரம்?

பார்வையாளர் அடுத்த வாரம் வருவதாகத் தகவல் வந்தது. நாளைக் குறிக்கவில்லை. வாரத்தில் எந்த நாளும் வரலாமாம். கணவனுக்கு முகம் செத்துவிட்டது. "பேரை எடுத்துடலாம்" என்றான். "நாளைக்கே போயி, அவங்க காலி பண்ணிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"எடுத்தா அந்தக் குழந்தையோட அட்டை?"

"நின்னு போயிடும். வேற வழி?"

அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். எழுதிக் கொடுத்தால் தன் மனு ஓடும், மாத்திரை வரும். அந்தக் குழந்தை நொண்டும். அது அந்தக் குழந்தையின் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் அது யார் குழந்தை என்று அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. தெரியாமல் விரட்டிவிட்டால் ஆயுசு பூராவும் தெரியாமலேயே போய்விடும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவளை இங்க வரச் சொல்லுங்க."

"எங்க?"

"இங்க. இந்த வீட்டுக்கு. படுக்கையறையை அவளுக்கும் பையனுக்கும் குடுத்துடலாம். நாம கூடத்துல படுத்துக்கலாம். இங்கதான் இருக்கான்னு கையெழுத்துப் போட்டீங்கல்ல? இருக்கட்டும்."

"நிஜமாவா சொல்றே?"

"என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு சொல்றேன்."

பேக்கிங் பெண் இரண்டு பையோடு வந்து சேர்ந்தாள். குழந்தையின் சாமான்தான் ஒன்றரைப் பை. தபால் பெட்டியில் பழைய பசையின் மேலேயே ஸ்கேனர் தன் கையால் புதுச் சீட்டு ஒட்டினாள்.

அந்த நாட்கள் வினோதமாகப் போயின. ஸ்கேனர் இரண்டு பேரையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். கணவன் உப்பு கேட்டால் யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தாள். அந்தப் பெண் 'அண்ணா' என்று கூப்பிடும்போது குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அண்ணா என்று கூப்பிடுவதெல்லாம் ஒரு சாட்சியா? பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்க எத்தனையோ பேர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணவனோ அந்தப் பெண் கூடத்துக்கு வந்தால் பால்கனிக்குப் போனான், பால்கனிக்கு வந்தால் குளியலறைக்குப் போனான். குளிரில் பால்கனியில் நின்று நின்று அவனுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். அதையும் அவள் விடவில்லை. ஒன்றுமில்லாதவர் எதற்கு இப்படி ஓடுகிறார்?

கப்பல்காரன் ஒரு நாள் வீடியோவில் வந்தான். பேக்கிங் பெண் ஓடி வந்து போனை ஸ்கேனர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "அக்கா, இவர்தான்." திரையில் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. மூக்கு ஓர் இடத்திலும் வாய் ஓர் இடத்திலும் நின்றது. "வணக்கம்க்கா, ரொம்ப..." என்ற குரல் அதோடு அறுந்துபோனது.

"கடல்ல சிக்னல் கிடைக்காதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

"கிடைக்காது கிடைக்காது" என்றாள் ஸ்கேனர். கடலில் இருக்கும் புருஷன் வசதியான புருஷன். எந்த அதிகாரியும் போய்ப் பார்க்க முடியாது.

இதற்கிடையில் மாத்திரை டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்பதை அவள் யாரிடமும் சொல்லாமல் ராத்திரி அரையாகக் குறைத்தாள். அப்படிச் செய்யக் கூடாது என்று தெரியும். இந்த வியாதியில் அதுதான் முதல் பாடம். ஆனால் ஒன்றுமே இல்லாமல் போவதைவிட அரை தேவலை என்று நினைத்தாள். சமையலறையில் கத்தியால் மாத்திரையை வெட்டிக்கொண்டிருந்தபோது பேக்கிங் பெண் பால் காய்ச்ச வந்தாள். பார்த்துவிட்டாள். எதற்கு மாத்திரை என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள் ஸ்கேனர். ஆனால் கையில் கத்தியோடு அகப்பட்டவள் என்ன சொல்லித் தப்பிப்பது?

கேட்டுவிட்டு அந்தப் பெண் பாலை இறக்கி வைத்தாள். "அக்கா, நாளைக்குப் பையனைக் காட்டப் போறேன். அதே கட்டடத்துலதான் குடும்ப டாக்டர். எனக்குத்தான் வலிப்பு, ஊர்ல சாப்பிட்டுட்டு இருந்தேன்னு சொல்றேன். இந்த டப்பாவைக் காட்டறேன். பேர் இருக்கற எடத்தைக் கிழிச்சுடலாம். என் அட்டையில எழுதிக் குடுத்துடுவாங்க. நீங்க சாப்பிடுங்க."

ஸ்கேனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஆள் மாறாட்டம் செய்தவர்கள் எத்தனை பேரின் மனுவைச் சிவப்பு மையால் அடித்திருப்பாள். "உனக்குப் பைத்தியமா? உன் பேர்ல வலிப்புன்னு ஏறிடுச்சுன்னா அப்புறம் அழியாது. இயந்திரம் இருக்கற எடத்துல யாரும் உன்னை வேலைக்கு எடுக்க மாட்டாங்க. கைக்குழந்தையைத் தனியாப் பாத்துப்பியான்னு நூறு கேள்வி கேப்பாங்க."

"தெரியும்க்கா. பிரசவத்தப்போ பக்கத்துக் கட்டில்ல ஒருத்தங்களுக்கு அப்படித்தான் கேட்டாங்க."

"தெரிஞ்சுமா சொல்றே?"

"நீங்க பாதி மாத்திரை சாப்பிடறீங்களே" என்றாள் அந்தப் பெண், அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லாதவள்போல.

அன்று முழுக்க ஸ்கேனர் அந்தப் பேச்சை மனதில் வைத்து உருட்டினாள். அவளுடைய பழைய கேள்வியைப் போட்டுப் பார்த்தாள். இதில் இவளுக்கு என்ன ஆதாயம்? படுக்க இடமா? அது ஏற்கெனவே இருக்கிறது. நல்ல பெயரா? கெட்ட பெயர்தான் வரும். தன்னைக் கையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாளோ? அதற்கு இவ்வளவு பெரிய விலையா? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆதாயம் வரவில்லை. வராதது அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இந்தத் திருட்டுத்தனம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பெண்ணிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பார்வையாளர் அதற்கடுத்த நாள் காலையில் வந்தார். உயரமான மனிதர். வாசலிலேயே காலணிமேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அலமாரியைத் திறந்து துணிகளைப் பார்த்தார். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களைப் பார்த்தார். தொட்டில் மாதிரி அமைத்திருந்த துணிக்கூடையைக் குனிந்து பார்த்தபோது குழந்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கணவன் சுவரோடு சுவராக நின்றான். பிறகு பார்வையாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சமையலறைக்கு அழைத்து விசாரித்தார். போனில் அதே அம்மாள்தான்.

ஸ்கேனரின் முறை வந்தது.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்கறார்" என்றார் அம்மாள்.

"உறவு ஒண்ணும் இல்ல. இந்த வீட்ல இருக்கா."

"எப்பலேர்ந்து இருக்காங்கன்னு கேக்கறார்."

இதுதான் அந்தக் கேள்வி. ஒரு வருடமாக என்றால் பொய். போன வாரத்திலிருந்து என்றால் கணவனின் அனுமதி போகும், குழந்தையின் அட்டை போகும், ஒருவேளை தன் மாத்திரையும் போகும். சமையலறையின் சின்ன ஜன்னலில் பார்வையாளரின் தோள் வெளிச்சத்தை மறைத்தது. ஸ்கேனருக்குத் தன் பழைய மேஜைக்கு எதிரே உட்கார்ந்த முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்களில் நிறையப் பேர் பொய் சொன்னதில்லை. கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். அப்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான் இந்த நாட்டுக்கு வந்ததே போன மாசம்" என்றாள். "எனக்கு முன்னாடி இந்த வீட்ல யாரு எப்ப வந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 போனில் அம்மாள் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பார்வையாளர் இரண்டு முறை தலையாட்டினார், ஒருமுறை லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"நான் சொன்னது ரெண்டு வரி" என்றாள் ஸ்கேனர். "நீங்க இவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன்" என்றார் அம்மாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

என்ன சொன்னார் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. பார்வையாளர் போனோடு கூடத்துக்கு வந்து, நாலு பேருக்கு வீடு நெருக்கடிதான், பையன் தவழ ஆரம்பிப்பதற்குள் வேறு ஏற்பாடு பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காலணி உறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். கணவன் அப்படியே நாற்காலியில் சரிந்தான். பேக்கிங் பெண் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வசிப்பிட அட்டை வந்தது. அதன் பின்னாலேயே மருத்துவ அட்டையும் வந்தது. டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி அரை மாத்திரைகளோடு அவள் குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போனாள். கூடவே பேக்கிங் பெண்ணும் வந்தாள், வழி காட்ட. அரையாகக் குறைத்ததைச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைத் திட்டினார். போன் இல்லாமலே அந்தத் திட்டு முழுசாகப் புரிந்தது.

குளிர் விட்ட பிறகு கப்பல்காரன் நிஜமாகவே வந்து இறங்கினான். கட்டையாக, பெரிய குரலோடு, கால் நிலத்தில் பாவாமல் நின்றான். துறைமுகத்துப் பக்கம் வேலையும் வீடும் பார்த்திருப்பதாகச் சொன்னான். ஸ்கேனர் அவனையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். சாடை இருப்பதாகவும் இருந்தது, இல்லாததாகவும் இருந்தது. பையன் அவன் மீசையைப் பிடித்து இழுத்தான். அவன் வலிக்க வலிக்கச் சிரித்தான். அதற்கு மேல் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. பையனுக்குப் பட்டை கழற்றிவிட்டார்கள். கால்கள் இரண்டும் ஒரே அளவில் உதைத்தன.

விலாசம் மாற்றும் அன்று பதிவு அலுவலகத்துக்கு ஸ்கேனர்தான் கூடப் போனாள். புது வீட்டு வாடகைப் பத்திரத்தை மேஜையில் வைக்குமுன், அந்தப் பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படம் பிடித்து, போனில் மொழிபெயர்த்துப் பார்த்து, வீட்டுக்காரர் கையெழுத்து இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். கப்பல்காரன் பேந்தப் பேந்த விழித்தான். "அக்கா அப்படித்தான்" என்றாள் பேக்கிங் பெண், பெருமையாக.

அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தபோது கணவன் படுக்கையறையில் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள்.

"இன்னும் சந்தேகமா?" என்று கேட்டான்.

அவள் தன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கட்டில் சுவரோரம் சேர்ந்ததும் நிமிர்ந்தாள். "அடுத்த தடவை யாருக்காவது கையெழுத்துப் போடறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க."

"சொன்னா விடுவியா?"

"விட மாட்டேன். ஆனாலும் சொல்லுங்க."